பாத்திரக்கடைத் தூண்

அந்தத் தூணில் எழுத்து இருப்பதை முதலில் பார்த்தது நான்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

சிங்கப்பூரின் தேக்காவில், பெரிய சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது அந்தக் கடைவீடு. கீழே எவர்சில்வர் பாத்திரக்கடை, மேலே காலியாகக் கிடந்த ஒரு மாடி, முன்னால் ஐந்தடி நடைபாதை. சனிக்கிழமைகளில் நானும் என்னைப் போல் வேறு வேலை பார்க்கிற சிலரும் இந்த மாதிரிச் சந்துகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டு நடப்போம். பழைய கட்டடங்களைப் படமெடுத்து, போன முறைக்கும் இந்த முறைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று குறித்துவைக்கும் தொண்டூழியக் குழு. சம்பளம் இல்லை, அதிகாரம் சுத்தமாக இல்லை. ஆர்வம் மட்டும் உண்டு. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உண்டு என்று குழுவில் ஒரு கேலி இருந்தது.

தூணின் சந்தன நிறப் பூச்சு ஓரிடத்தில் உப்பி உதிர்ந்திருந்தது. அதற்குள்ளே செங்கல் நிறத்தில் ஒரு வளைவு. குனிந்து பார்த்தேன். ‘பி’. அதன் பக்கத்தில் பாதி ‘த்’. மூச்சை அடக்கிக்கொண்டு படமெடுத்தேன்.

“எந்த ஆபீஸ் நீங்க?”

கடைக்கார அக்கா. ஐம்பதைத் தாண்டிய வயது, தலைமேல் ஏற்றிய மூக்குக்கண்ணாடி, கையில் விலை ஒட்டும் இயந்திரம்.

“ஆபீஸ் இல்லக்கா. சும்மா பாக்கறேன்.”

“சும்மா யாரும் தூணை போட்டோ எடுக்க மாட்டாங்க.” சொல்லிக்கொண்டே நடைபாதையில் அடுக்கியிருந்த அண்டாக்களை ஒரு கையால் உள்ளே இழுக்க ஆரம்பித்தார். “மஞ்சக் கோட்டைத் தாண்டல, பாத்துக்குங்க. அந்தக் குண்டான் மட்டும் இப்பதான் ஒரு கஸ்டமர் தூக்கிப் பாத்துட்டு வச்சிட்டுப் போனாரு.”

நான் அபராதம் போட வந்தவள் இல்லை, பழைய கட்டடம் பார்க்க வந்தவள் என்று புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. “ஃபைன் இல்லையா?” என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொண்டு அண்டாக்களைத் திரும்பவும் வெளியே தள்ளினார். பிறகுதான் தூணைப் பார்த்தார். நான் காட்டிய இடத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“எழுத்தா அது?”

“ஆமாக்கா. பழைய கடைப்பேரு. அம்பது அறுபது வருஷமாவது இருக்கும்.”

“அப்படியா,” என்றார்.

அந்த ‘அப்படியா’வைப் பற்றிப் பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். அன்று அதில் எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை.

அடுத்த வாரம் போனபோது ‘பித்தளை’ முழுதாக வந்திருந்தது. அதற்கடுத்த வாரம் கீழே ‘செம்பு’. இப்போதும் பாத்திரக்கடை, அப்போதும் பாத்திரக்கடை. தலைகால் புரியவில்லை எனக்கு. குழுவில் படங்களைப் போட்டேன், எல்லாரும் இதயம் இதயமாக அனுப்பினார்கள். ஒருவர்கூட எதிர்க் கேள்வி கேட்கவில்லை. எப்போதும் எதற்கெடுத்தாலும் சண்டை பிடிக்கிற குழு அது. அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

அன்றுதான் அக்கா விஷயத்தைச் சொன்னார். தீபாவளி முடிந்ததும் கடையின் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. கட்டடக்காரர் வயதாகி வீட்டோடு இருக்கிறார். மகன் பொறுப்புக்கு வந்துவிட்டார். மாடியைச் சுற்றுப்பயணிகள் தங்கும் அறைகளாக மாற்றப்போகிறார். கீழே கஃபே வைக்க யாரோ கேட்கிறார்களாம்.

“இது பாதுகாக்கப்பட்ட கட்டடம்கா,” என்றேன் அவசரமாக. “இஷ்டத்துக்கு எதையும் மாத்த முடியாது. ஜன்னலைக்கூட கேட்டுத்தான் மாத்தணும்.”

“ஜன்னலை மாத்த முடியாது, சரி. என்னை மாத்தலாம்ல?”

தூண்களைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். தூணுக்குப் பின்னால் கடையில் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி எந்த விதியும் எனக்கு ஞாபகம் வரவில்லை.

“கடை போனா என்னக்கா பண்ணுவீங்க?”

“என்ன பண்றது. தெம்பனிஸ்ல மக வீட்டுல உக்காந்து டிவி பாக்க வேண்டியதுதான். மருமகன் நல்ல பையன்தான். ஆனா சேனல் மாத்தினா மூஞ்சி போற போக்கு இருக்கே.” சிரித்தார். சிரித்துவிட்டு ஒரு தட்டில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைப் பிய்த்துத் திரும்ப அதே இடத்தில் ஒட்டினார்.

கட்டடக்காரரின் மகனை அந்த வாரமே சந்தித்தேன். சுவரில் சிவப்புப் புள்ளி அடிக்கும் அளவுக் கருவியோடு வந்திருந்தார். என்னைவிடச் சில வயதுதான் கூடுதல் இருக்கும். எழுத்தைப் பார்த்ததும் கைப்பேசியை எடுத்து, நின்று, உட்கார்ந்து, சாய்ந்து படமெடுத்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. என் எழுத்து அது.

“இது கன்ஃபார்ம் பழசா?” என்று என்னைக் கேட்டார்.

“பாத்தா அப்படித்தான் தெரியுது.”

“அப்ப சூப்பர் லா. மேல தங்க வர்றவங்களுக்கு ஒரு ஸ்டோரி வேணும். உங்க குழு பேருல ஒரு பாரா எழுதிக் குடுங்க. ஃபிரேம் போட்டு இங்க மாட்டிடலாம். இத்தனை வருஷமா பாத்திரக்கடைன்னா, ஆன்ட்டியும் இங்கயே இருக்கலாம். அதுவும் ஸ்டோரிதான்.”

“அது பழசு இல்லேன்னா தம்பி?” என்றார் அக்கா.

“இல்லேன்னா கஃபேதான் ஆன்ட்டி. தப்பா நெனச்சுக்காதீங்க.”

நான் எழுதும் ஒரு பத்தியை நம்பி ஒரு கடை. எனக்குப் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, சொல்வதற்கென்ன.

சந்தேகம் வந்தது அன்று ரயிலில். புக்கிட் பாத்தோக் வரைக்கும் உட்கார இடம் கிடைத்ததால் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஈரத்தில் உதிரும் பூச்சு மேகம் மாதிரி உதிரும். ஓரம் ஓரமாய், ஒழுங்கில்லாமல். இங்கே அது எழுத்தைச் சுற்றி மட்டும் உதிர்ந்திருந்தது. ‘ளை’யின் வளைவுக்குள்ளே கூடச் சுத்தமாக. எழுத்தில்லாத இடத்தில் ஒரு துணுக்குகூடப் போகவில்லை. மழை எழுத்துக் கூட்டிப் படிக்காது. யாரோ பிய்க்கிறார்கள்.

முதலில் மகனைச் சந்தேகித்தேன். அந்தச் சிவப்புப் புள்ளியும், சாய்ந்து எடுத்த படங்களும். பிறகு என் குழுவில் ஒருவரை. அவர் அந்தச் சந்து தனக்கு வேண்டும் என்று கேட்டுக் கிடைக்காதவர். இரண்டு நாள் எல்லாரையும் சந்தேகித்தேன். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் “தேக்கா பக்கம் போனேன்” என்றதும் எதற்கு என்று கேட்டுவிட்டேன். இட்லி சாப்பிடப் போனாராம்.

மூன்றாம் நாள் தாமதமாக வருவதாக அலுவலகத்துக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காலையில் நேராக அங்கே போனேன். கடையின் இரும்புக் கதவு பாதி ஏறியிருந்தது. அக்கா ஒரு முக்காலிமேல் நின்று, புத்தம்புதிய தோசைத்திருப்பியால் தூணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். திருப்பியின் கைப்பிடியில் விலைச்சீட்டு அப்படியே இருந்தது.

“அக்கா.”

அவர் பதறவில்லை. திரும்பிப் பார்த்தார். “வேலைக்குப் போகல?”

“என்ன பண்றீங்க?”

“தானா உதிருது. நான் கொஞ்சம் ஒத்தாசை பண்றேன்.”

“இப்படியெல்லாம் சுரண்டக் கூடாதுக்கா. எழுத்தே போயிடும். இதுக்குன்னு முறை இருக்கு.”

“அந்த முறை தீபாவளிக்குள்ள முடியுமா?”

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அவருக்கு அவசரம் இருந்தது, அதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஒன்று அரித்தது. எழுத்து எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்று பூச்சுக்கு மேலே இருந்தே இவருக்கு எப்படித் தெரிகிறது? தோசைத்திருப்பி ஒரு இடத்தில்கூட வழி தவறவில்லையே.

எங்கள் குழுவுக்கு ஒருமுறை ஒரு பயிற்சி நடந்தது. ஒரு சுவரின் பழைய நிறம் என்ன என்று அறிய, நகத்தளவு இடத்தில் சிறு கத்தியால் ஒவ்வொரு பூச்சாகச் சுரண்ட வேண்டும். கடைசியில் படிக்கட்டு மாதிரி எல்லா நிறமும் வரிசையாகத் தெரியும். மேலே இருப்பது புதுசு, அடியில் இருப்பது பழசு. வீட்டுப் பெட்டியில் அந்தக் கத்தி இருந்தது. சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போனேன். ‘ளை’யின் வால் ஓரத்தில் சுரண்டலாமா என்று கேட்டேன்.

“சுரண்டுங்க,” என்றார் அக்கா. “நான் சுரண்டினா தப்பு, நீங்க சுரண்டினா ஆராய்ச்சி.” அப்புறம் கடைக்குள்ளே போய்விட்டார். வழக்கமாகப் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுப்பவர், அன்று உள்ளே போய் இட்லிப் பானைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சந்தன நிறம். அதன் அடியில் எழுத்தின் செங்கல் நிறம். அதன் அடியில் ரோஸ். பளிச்சென்று, மிட்டாய் மாதிரியான ரோஸ். அதற்கும் அடியில் மங்கிய பச்சை, பிறகு சுண்ணாம்பு. கையில் கத்தியோடு அந்த ரோஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எங்கோ பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் இல்லை. எங்கே என்று பிடிபடவில்லை.

வீட்டில் அம்மா சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன்.

“இந்தக் கலர் எங்கம்மா பாத்திருக்கோம்?”

“எந்த இடம் இது?”

சந்தின் பேரைச் சொன்னேன்.

“பாத்திரக்கடைத் தூணா? அடிப்பாவி, உன் தீபாவளிப் பாவாடை.” மடித்த துண்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “மஞ்சப் பட்டுப் பாவாடை. தச்சு வாங்கிட்டு வரோம். உன்ன அங்க நிக்க வச்சிட்டுக் குக்கர் பாக்க உள்ள போனேன். பெயிண்டு ஈரம்னு பெருசா எழுதி ஒட்டியிருக்கு, நீ அதுமேல சாஞ்சுக்கிட்டு நிக்கற. பின்பக்கம் பூரா ரோஸ். கடைக்காரங்ககிட்ட நான் போட்ட சண்டை உனக்கு ஞாபகம் இல்ல?”

“நான் அப்ப என்ன படிச்சிட்டு இருந்தேன்?”

“தொடக்கப்பள்ளி. ரெண்டோ மூணோ.”

அந்த ரோஸ் பூச்சு ஈரமாக இருந்த நாளில் நான் அதன்மேல் சாய்ந்து நின்றிருக்கிறேன். எழுத்து அந்த ரோஸுக்கு மேலே இருக்கிறது. அறுபது வருஷப் பழமை என்று நான் ஊரைக் கூட்டிச் சொன்ன எழுத்துக்கு என்னைவிட வயது குறைவு.

முதலில் அம்மாவைத்தான் சந்தேகித்தேன். வேறு தூணாக இருக்கலாம், வேறு கடையாக இருக்கலாம். “அந்தக் கடைக்காரம்மா அப்பவே மூக்குக்கண்ணாடியைத் தலையில ஏத்தித்தான் வச்சிருப்பாங்க,” என்றார் அம்மா. அதோடு அந்த வழியும் அடைபட்டது.

மறுநாள் ஞாயிறு. சந்து நெரிசலாக இருந்தது. அக்காவைக் கடையின் பின்பக்கம் அழைத்துக் கேட்டேன். “அந்த எழுத்து பழசு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும், இல்லையா?”

“தெரியாம என்ன,” என்றார். ஒரு வினாடிகூடத் தயங்கவில்லை. “டிவி நாடகம் எடுக்க வந்தாங்க. அந்தக் காலத்துக் கதை. என் எவர்சில்வரையெல்லாம் சாக்குப் போட்டு மூடிட்டுப் பித்தளை கொண்டாந்து அடுக்கினாங்க. தூணுல ஒருத்தர் எழுதினாரு. ரொம்பப் புதுசா தெரியுதுன்னு டைரக்டர் அவரைத் திட்டினாரு. டிக்காஷன் இருக்கான்னு கேட்டாங்க. நான்தான் போட்டுக் குடுத்தேன். பிரஷ்ல தொட்டுத் தொட்டுப் பூசினாங்க. பழசாயிடுச்சு. அவங்க போனப்புறம் மேல சந்தனக் கலர் அடிச்சாங்க, அதுவும் தண்ணியா.”

“ஏன்கா என்கிட்ட சொல்லல?”

“நீங்க எங்கம்மா கேட்டீங்க? பழசான்னு கேக்கல. பழசுன்னு சொன்னீங்க. படிச்ச புள்ள சொல்லுது, நான் எதுக்கு இல்லேன்னு சொல்லணும்?”

நின்ற இடத்திலேயே முதல் நாளிலிருந்து எல்லாப் பேச்சையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ‘அப்படியா’ என்றிருக்கிறார். ‘எழுத்தா அது?’ என்றிருக்கிறார். ‘பழசு இல்லேன்னா தம்பி?’ என்று மகனைக் கேட்டிருக்கிறார். பழசு என்று ஒரு தடவைகூட அவர் வாயால் சொன்னதில்லை.

“இப்ப நான் என்னக்கா எழுதறது?”

“நான் எழுதச் சொல்லல, எழுத வேணாம்னும் சொல்லல. நீங்களா ஆரம்பிச்சீங்க. எனக்குத் தெரிஞ்சது இந்தக் கடைதான். அது உங்களுக்கும் தெரியும்.” வாசலில் யாரோ குக்கர் விலை கேட்டார்கள். போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்கப் பத்தியை எழுதினேன், அழித்தேன். ‘இவ்வெழுத்துகள் பழைய தேக்காவின் வணிக வாழ்வை நினைவூட்டுகின்றன.’ நினைவூட்டுகின்றனதானே. பொய் இல்லை. ‘பாத்திர வணிகம் நெடுங்காலமாக நடைபெற்றுவரும் இவ்விடத்தில்.’ அதுவும் பொய் இல்லை. ஒவ்வொரு வாக்கியமாகத் தட்டிப் பார்த்து வைத்தேன். முழுசாக ஒருமுறை படித்தபோது, அக்கா பேசுகிற மாதிரியே இருந்தது. எதையும் சொல்லாமல் எல்லாவற்றையும் நம்பவைக்கிற பேச்சு. அவர் பேசினால் அவர் கடைக்காக. நான் எழுதினால் குழுவின் பேரில், கண்ணாடி போட்டு, மாட்டி. நாளைக்கு என்னைப் போல் ஒருத்தி வந்து அதைப் படித்து நம்புவாள். பத்தியை அழித்தேன்.

மகன் பத்தியோடு வரச் சொன்ன நாளில் மூன்று பேரும் கடைக்குள் நின்றோம். உட்கார இடமில்லை, சுற்றிலும் பாத்திரம். எங்கள் முகங்கள் எல்லா அண்டாக்களிலும் வளைந்து வளைந்து தெரிந்தன.

“எழுதிட்டீங்களா?”

“இல்லை,” என்றேன். “அது பழசு இல்லை. டிவி நாடகத்துக்காக எழுதினது. அடியில ரோஸ் பெயிண்ட் இருக்கு. அந்த ரோஸே என் சின்ன வயசுல அடிச்சது.”

அக்கா குனிந்து டம்ளர்களுக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. டக், டக். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேச்சை மாற்றியிருப்பேனோ என்னவோ.

மகன் சிரித்தார். “தெரியும் லா. நாடகக்காரங்க வாடகை குடுத்தது எங்க அப்பாவுக்குத்தானே.”

எனக்கு அது உள்ளே இறங்கக் கொஞ்சம் நேரமானது. அக்காவுக்குத் தெரியும். இவருக்கும் தெரியும். தூணுக்கு முன்னால் நின்றவர்களில் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

“தெரிஞ்சும் ஏன் என்னை எழுதச் சொன்னீங்க?”

“நான் எழுதினா விளம்பரம். நீங்க எழுதினா வரலாறு,” என்றார், ரொம்பச் சாதாரணமாக. “சரி விடுங்க. எழுத இஷ்டம் இல்லேன்னா பரவால்ல. ஆன்ட்டி, நாம முன்னாடி பேசின மாதிரியே வச்சுக்கலாம்.”

டக், டக் நின்றது. அக்கா நிமிர்ந்தார்.

“ஏன் தம்பி, கஃபே வந்தாலும் அந்த எழுத்து இருக்கும்ல?”

“இருக்கும். நல்லா இருக்கே.”

“மேல தங்க வர்றவங்க கேட்டா பழசுன்னுதான சொல்லுவீங்க?”

அவர் தோளைக் குலுக்கினார்.

“நீங்க சொல்லுவீங்க. ஆனா இந்தப் பொண்ணு சும்மா இருக்காது. பாத்தீங்கல்ல, தூணைச் சுரண்டி அடியில என்னன்னு பாக்குற பொண்ணு. இதோட ஆளுங்க வேற ஒரு கூட்டம் இருக்கு, போன்லயே எல்லாருக்கும் அனுப்பிடுவாங்க. மேல ரூமுக்குக் காசு குடுத்து வர்றவங்க படிச்சுட்டு உங்களை என்ன நெனப்பாங்க?” குரல் ஏறவில்லை. மருமகனிடம் சேனல் மாற்றச் சொல்கிற குரல் அது. “என்னை வச்சிருங்க. என் கடையை எந்தப் பொண்ணு வந்து சுரண்டினாலும் அடியில பாத்திரக்கடைதான் இருக்கும். உங்க அப்பா என்கிட்ட முதல்ல வாடகை வாங்கினப்ப நீங்க அவர் தோள்ல தூங்கிட்டு இருந்தீங்க.”

மகன் என்னைப் பார்த்தார். முதல்முறையாகச் சரியாகப் பார்த்தார், ஒழுகும் குழாயைப் பார்ப்பதுபோல. நான் அப்படி எல்லாருக்கும் அனுப்புவேனா? எனக்கே தெரியாது. ஆனால் ‘அனுப்ப மாட்டேன்’ என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

“ஒரு வருஷம்,” என்றார் கடைசியில். “அப்புறம் பேசலாம். எழுத்து மேல பெயிண்ட் அடிச்சுடறேன்.”

“அடிங்க,” என்றார் அக்கா. “இந்தத் தடவை தண்ணி கலக்காம அடிங்க.”

அவர் போனபிறகு அக்கா எனக்கு மூடி போட்ட ஒரு சின்னத் தூக்கு கொடுத்தார். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

“அக்கா, நான் உண்மையைச் சொல்லுவேன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“எனக்கு என்னம்மா தெரியும்,” என்றார். “நீங்க படிச்சவங்க.”

அவருக்குத் தெரிந்திருந்ததா, அந்த நிமிஷத்தில் தோன்றியதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டில் எதை நினைத்தாலும் கொஞ்சம் கோபம் வருகிறது, கொஞ்சம் மரியாதையும் வருகிறது. எழுத்தைக் காப்பாற்றப் போய் எழுத்து போனது. கடை ஒரு வருஷத்துக்கு நிற்கிறது. எங்கள் குழுவின் பதிவில் அந்தத் தூணுக்கு நேராக ‘நாடகத்துக்காக எழுதப்பட்டது’ என்று போட்டேன். இந்த முறை குழுவில் யாரும் இதயம் அனுப்பவில்லை.

தீபாவளி முடிந்து சில வாரம் கழித்து அந்தச் சந்து வழியாகப் போனேன். தூண் கெட்டியான சந்தன நிறத்தில் வழுவழுவென்று இருந்தது. அக்கா உள்ளேயிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு கடை தள்ளிப் பெட்டிக்கடை, அதாவது பயணப்பெட்டி விற்கிற கடை. அதன் முதலாளி வாசலில் எனக்காகவே நிற்பதுபோல நின்றார்.

“ஏம்மா, பழைய எழுத்தெல்லாம் பாக்குற பொண்ணு நீதானே? இங்க வாயேன். என் தூணுலயும் என்னமோ தெரியுது.”

அவர் காட்டிய இடத்தில் பூச்சு கொஞ்சமாக உதிர்ந்திருந்தது. கீழே தரையில் பொடி இன்னும் கூட்டப்படவில்லை.

“அங்கிள்,” என்றேன், “உங்க லீஸ் எப்ப முடியுது?”

“தை மாசம். அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

நான் பைக்குள் கையைவிட்டுக் கத்தியைத் தேடினேன்.